வார்னிஷ் வாசம்

ஜனவரி 12, ஞாயிறு

இந்த டைரி என்னுடையது இல்லை. பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் என் வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்குக் கொடுப்பது. முதல் பக்கத்தில் மட்டும் அவர் எழுதியிருக்கிறார். கடைசி சில வருஷமாக அவர் எழுத்து சிறுத்துக்கொண்டே போய், இப்போது கடுகு கொட்டினது போல இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் படித்தேன்.

'இந்த வருஷம். ஒன்று, குளத்தைச் சுற்றித் தினமும் சைக்கிள். இரண்டு, தைப்பூசத்துக்குக் கும்மி ஆடணும், புது வேட்டி எடுக்கணும். மூன்று, தெய்வானையைக் கடலுக்குக் கூட்டிப் போகணும். இந்தத் தடவை அவள் சாக்குச் சொல்லக் கூடாது.'

தெய்வானை நான்தான். எழுதின ஒரு வாரத்தில் நெஞ்சுச்சளி கட்டி, எட்டாம் தேதி போய்விட்டார்.

மகள் கோமதி திருப்பூரிலிருந்து வந்து கூட இருக்கிறாள். "மனசுல இருக்கறத எழுதும்மா, பாரம் கொறையும்" என்கிறாள். என் மனசில் இருப்பது பாரம் இல்லை, ஒரு ஆள். சென்னியப்பன். அவனைச் சபை நடுவில் தலைகுனிய வைக்காமல் என் கட்டை வேகாது. இப்போதைக்கு இதுதான் எழுத இருக்கிறது.

ஜனவரி 13

பால் மூன்று பாக்கெட் வாங்கிவிட்டேன். இரண்டு போதும்.

ஜனவரி 14, செவ்வாய்

துக்க வீடு, பொங்கல் கிடையாது. பக்கத்து வீட்டு வாசம் மட்டும் வந்தது.

கோமதி வீட்டைக் கழுவிவிட்டாள். தரையில் ஒட்டியிருக்கிற டேப்பைச் சுரண்டப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, அங்கிருந்து வாசல் கேட் வரை, ஒரு முழத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள். எல்லாம் அவர் பசை போட்டு ஒட்டினது. மோட்டார் காயிலின் மேல் சுற்றுகிற காட்டன் டேப்தான். முப்பத்தைந்து வருஷம் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி எடுத்த மனுஷன். வீட்டில் அந்த டேப்புக்குப் பஞ்சமில்லை.

அவருக்கு வந்தது நடுக்க நோய். கை நடுங்குவது ஊருக்குத் தெரியும். கால் ஒட்டிக்கொள்வது யாருக்கும் தெரியாது. வெறும் தரையில் போய்க்கொண்டே இருப்பார், ஒரு கதவு நிலை வந்தால் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவார். பின்னால் இருந்து யாராவது தள்ளினால் அப்படியே குப்புற விழ வேண்டியதுதான். ஆனால் தாண்டுவதற்கு ஒரு கோடு இருந்தால் கால் எழும்பும். படி மட்டும் ஒழுங்காக ஏறுகிறோமே என்று அவரே யோசித்துக் கண்டுபிடித்தது அது. டாக்டரே கேட்டு மெச்சிக்கொண்டார்.

நடக்க முடியாதவர் சைக்கிள் ஓட்டுவார், அதுவும் ஜோராக. ஏறி உட்கார்ந்துவிட்டால் நோய் எங்கே போகும் என்றே தெரியாது. அறுபத்திரண்டாம் வயதில் வள்ளி கும்மிக் குழுவில் சேர்ந்தார். தாளம் காதில் விழுந்தால் போதும், பச்சைத் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஆடுவார். முடிந்ததும் வேனில் ஏற நாலு பேர் பிடிக்க வேண்டும். "நடக்க முடியாதவன் ஆடறானாம், நடிப்பப் பாரு" என்று பேசினவர்களும் உண்டு. அவர் காதில் விழுந்தாலும் சிரிப்பார். பிரியாணி செய்யும்போது, "எங் கை இருக்கறப்ப கரண்டி எதுக்கு, சட்டியப் புடிச்சாலே கலங்கிரும்" என்பார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குளத்திலிருந்து வருவார். சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து என் முகத்தில் 'ஃபூ' என்று ஊதுவார். ஒன்பது வருஷமாக இதே விளையாட்டு. "போங்க அந்தப் பக்கம்" என்பேன்.

ஜனவரி 16, வியாழன்

சென்னியப்பன் யார் என்று எழுதிவிடுகிறேன். நான் செத்த பிறகு படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

வைண்டிங் தொழிலாளர் நலமன்றத்தின் செயலாளர். அவனும் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் பட்டறையில் இவரோடு வேலை பார்த்தவன்தான். ஒன்பது வருஷம் முன்னால் ஆயுத பூஜைக்கு மன்றத்தில் மூத்த தொழிலாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இவர் பெயரும் இருந்தது. அப்போது நோய் என்று யாருக்கும் தெரியாது. இவருக்கே தெரியாது. காலையில் பழைய சின்ன மோட்டார் ஒன்றைப் பூஜையில் வைக்க வேண்டும் என்று வார்னிஷ் அடித்தார். பிறகு குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினோம்.

மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். மன்றத்து வாசல் நிலையில் வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வந்தவன் லேசாகத் தள்ள, பொரி கடலைத் தட்டின் மேல் போய் விழுந்தார். யாரோ குனிந்து முகர்ந்து பார்த்தார்கள். சென்னியப்பன் மைக்கில் சொன்னான்: "ஊத்திட்டு வந்துட்டானப்பா. ஆயுத பூஜையும் அதுவுமா. கூட்டிட்டுப் போங்க." அவருக்கு எடுத்து வைத்த பொன்னாடையை அடுத்த ஆளுக்குப் போர்த்தினான்.

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். அன்றிலிருந்து எங்கள் வீதியில் அவர் குடிகார ஆறுச்சாமி. நாலு மாசம் கழித்து நோய் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. நோய் வந்ததே குடியால்தான் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் சென்னியப்பன் வீட்டுக்கு வந்து, அடுப்படிப் பக்கம் நின்று, "தெரியாம சொல்லிட்டனப்பா" என்றான். இவர் "அட உடப்பா, டீ குடி" என்றுவிட்டார். மைக்கில் சொன்னதற்கு அடுப்படியில் வந்து மன்னிப்புக் கேட்டால் ஆச்சா? அவர் மன்னித்தது அவர் பாடு. நான் மன்னிக்கவில்லை.

ஜனவரி 17

யாரோ முகர்ந்தார்கள் என்று நேற்று எழுதினேன். அந்த யாரோவைப் பற்றி எழுத மனமில்லை. கோமதிக்குத் தலைவலி. கஷாயம் வைத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மன்றத்திலிருந்து கடிதம். 'மறைந்த உறுப்பினர் ஆறுச்சாமி அவர்களின் படத்திறப்பு பிப்ரவரி 9, ஞாயிறு காலை மன்ற அரங்கில். தலைமை: செயலாளர்.' தலைமையாம். கீழே அவன் கையெழுத்து, ஓரத்தில் எறும்பு செத்துக் கிடப்பது போல. கஞ்சனுக்கு மைகூடச் செலவாகக் கூடாது.

வேண்டாம் என்று திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். அதே அரங்கு, அதே மைக். குடும்பத்தார் பேசுவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மைக்கை என் கையில் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? சம்மதம் என்று கோமதியை விட்டுப் போன் பண்ணச் சொன்னேன்.

ஜனவரி 21, செவ்வாய்

படத்துக்கு போட்டோ வாங்க அவனே வந்தான். கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே வராமல் நின்றான். நின்றுகொண்டே தரையைப் பார்த்தான். பிறகு, என் வீட்டுக்காரர் ஒட்டின கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி, அவர் நடப்பது போலவே நடந்து வந்தான். செத்த ஆளைக் கிண்டல் பண்ணுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்கண்ணா" என்றேன். வாய் மரியாதைக்குக் குறைச்சல் வைக்கவில்லை. மூன்று நாளாக வெளியே கிடந்து கெட்டுப்போன மோரை உப்புப் போட்டுக் கொடுத்தேன். கோமதி வாடை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் இடது கையைப் பாக்கெட்டில் விட்டபடி, வலது கையால் வாங்கி, ஒரு மடக்கு விடாமல் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க அம்மிணி" என்றான். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அந்தக் காலத்தில் ஓயாமல் இளிக்கிறவன், இப்போது சிரிக்கவே கூலி கேட்பான் போல.

போட்டோவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அம்மிணி, ஆறுச்சாமிக்கு இது எப்புடி ஆரம்பிச்சுதுங்க? மொதல்ல கையா, காலா?"

"அதக் கேக்க ஒம்பது வருசம் கழிச்சு வந்தீங்களாக்கும்?"

தலையைக் குனிந்துகொண்டு போனான். குனிந்தால் போதாது. ஊர் பார்க்கக் குனிய வேண்டும்.

ஜனவரி 23

கருமாதி நல்லபடியாக முடிந்தது. கும்மிக் குழு ஆட்கள் இருபது பேர் வந்தார்கள். சாப்பாட்டில் உப்புக் கொஞ்சம் தூக்கல்.

ஜனவரி 28, செவ்வாய்

பேச வேண்டியதை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, ஐந்து தாள் வீண். கோமதி படித்துவிட்டு, "அப்பா படத்த வெச்சுக்கிட்டு சண்டை போடறதா? அப்பாவுக்குப் புடிக்குமா?" என்றாள். உங்கப்பாவுக்குப் பிடிக்காதுதான். அவருக்கு எல்லோரையும் பிடிக்கும். அந்தக் குறையை நிரப்பத்தான் நான் இருக்கிறேன்.

எல்லாம் முடிந்து ராமேஸ்வரம் போய் வரலாமா, கடலும் பார்த்த மாதிரி இருக்கும் என்று கேட்டாள். இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மன்றத்துக் கடிதத்தை இந்த டைரிக்குள்தான் வைத்திருந்தேன். இன்று எடுத்தபோது முதல் பக்கத்தின் மேல் விழுந்தது. அவர் எழுத்தும் சென்னியப்பன் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் ஒரே கடுகு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாக்கெட்டுக்குள் ஒளித்த கை. சிரிக்காத முகம். கெட்ட மோரின் வாடை தெரியாத மூக்கு. இவருக்கும் நோய்க்கு இரண்டு வருஷம் முன்பே மூக்கு போனது. அன்று கேட்டில் நின்றது, கோட்டைத் தாண்டியது, கிண்டல் இல்லை. கோடு இருந்ததால்தான் அவனால் உள்ளே வர முடிந்தது.

சென்னியப்பனுக்கு அதே நோய். அவனுக்கும் தெரிந்திருக்கிறது, மறைக்கிறான். யாருக்கும் தெரியக் கூடாது என்று கையைப் பாக்கெட்டில் பூட்டி வைத்திருக்கிறான்.

சிரித்தேன். அவர் போன பிறகு முதல் சிரிப்பு. கோமதி பயந்து ஓடி வந்தாள். பேச்சு எழுதின தாள்களை அடுப்பில் போட்டேன். இனிப் பேச்சு எதற்கு?

பிப்ரவரி 3, திங்கள்

நானே போன் பண்ணினேன். "அண்ணா, ஒரே ஒரு ஆசைங்க. படத்த நீங்களே உங்க ரெண்டு கையால புடிச்சு, வாசல்லருந்து மேடை வரைக்கும் கொண்டாரணும். அவருக்கு அன்னைக்கு நடக்காம போன மரியாத."

போனில் இரண்டு தடவை செருமினான். பிறகு, "செரிங்க அம்மிணி. நீங்க கேட்டு மாட்டேன்னு சொல்ல முடியுமுங்களா?" என்றான்.

இரண்டு கையும் படச் சட்டத்தில் இருந்தால் பாக்கெட்டில் எதை விடுவான்? அந்த வாசல் நிலையில் காலை எப்படி எடுப்பான்? கூட்டம் பார்க்கும். குடித்திருக்கிறான் என்று சொல்லும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

பிப்ரவரி 6

ராத்திரி தூக்கம் இல்லை. வெந்தயம் ஊறப் போட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அரங்கு நிறைந்துவிட்டது. கும்மிக் குழு ஆட்கள் வெள்ளை வேட்டியும் பச்சைத் துண்டுமாக இரண்டு பக்கமும் நின்றார்கள். எனக்கு ஒரு கையில் பிடிக்கிற மைக் கொடுத்து, வாசலில் நின்று படத்தை அழைக்கச் சொன்னார்கள். வெளியே காரிலிருந்து சென்னியப்பன் படத்தை எடுத்தான். பெரிய தேக்குச் சட்டம். பளபளவென்று இருந்தது. சட்டத்துக்கு விடிகாலையில் அண்ணனே உட்கார்ந்து வார்னிஷ் அடித்தார் என்று பொருளாளர் கேசவன் என்னிடம் சொன்னான்.

வாசல் நிலைக்கு வந்தான். நின்றான்.

நான் எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. படத்தின் மாலை நடுங்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் முகம் அந்த மாலைக்குப் பின்னால் ஆடிக்கொண்டே இருந்தது. உள்ளே ஒருவன், "அண்ணன் காலைலயே போட்டுட்டாராட்ட இருக்குது" என்றான். சிரிப்புக் கேட்டது. ஒன்பது வருஷம் இந்தச் சிரிப்புக்காகத்தான் காத்திருந்தேன். இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கேசவன் ஓடி வந்தான். "அக்கா, பக்கத்துல நிக்கறீங்க. வாசம் ஏதாச்சும் வருதுங்களா?"

இந்தக் கேள்வியை இதே இடத்தில் என்னிடம் முன்பே கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வருஷம் முன்னால் மேடையிலிருந்து சென்னியப்பன் கேட்டான்: "ஏனுங்க அம்மிணி, தண்ணியா? பாத்துச் சொல்லுங்க." பொரிக்கு நடுவில் கிடந்தவர் வாயருகே குனிந்து முகர்ந்தது நான். ஆமாம் என்று தலையாட்டினது நான். அதற்குப் பிறகுதான் அவன் மைக்கில் சொன்னான். அது காலையில் அடித்த வார்னிஷ் வாசம். முப்பது வருஷம் அந்த வாசத்தோடு படுத்து எழுந்தவளுக்குச் சாராயத்துக்கும் வார்னிஷில் கலக்கிற தின்னருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கூட்டத்தின் முன்னால் வெட்கம் வந்துவிட்டது, மூளை போய்விட்டது. அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார். நான் தலையாட்டினதைப் பார்த்தார்.

நேற்றும் குனிந்து முகர்ந்தேன். அதே வாசம்.

சென்னியப்பன் உதடு அசையாமல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "தண்ணின்னே சொல்லிருங்க அம்மிணி. உங்க காலப் புடிச்சுக்கறேன். தண்ணின்னா நாளைக்கு மறந்துருவாங்க. நோயின்னு மட்டும் சொல்லிராதீங்க."

நான் தேடி அலைந்த பழியை அவனே தட்டில் வைத்து நீட்டுகிறான். ஒரு தலையாட்டல் போதும், அவனுக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. ஆனால் அவன் கேட்டதை நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? என் புருஷன் ஒன்பது வருஷம் சுமந்த பெயரை இவன் ஒரு நாள் ஒளிந்துகொள்ள எடுத்துக்கொள்வானா?

மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"யாரும் சிரிக்காதீங்க. இது வார்னிஷ் வாசம். பூராம் வைண்டிங்காரங்க உக்காந்திருக்கீங்க, ஒருத்தருக்கும் தெரியல. இவரு குடிக்கல. ஆறுச்சாமிக்கு இருந்த அதே நோய் இவருக்கு. கதவுல வந்தா கால் ஒட்டிக்கும். அன்னைக்கு அவரும் இங்கதான் இப்புடி நின்னாரு. ஊத்திட்டு வந்துட்டான்னு இவரு மைக்ல சொன்னாரு. மோந்து பாத்து, ஆமான்னு இவருக்குச் சொன்னது நான். அவரு வாழ்நாள்ல குடிச்சதில்ல. மைக்ல சொன்னத மைக்லயே திருப்பிச் சொல்றேன்."

கோமதி முதல் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். சென்னியப்பன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, முகம் மட்டும் அப்படியே இருந்தது. நோயில் இறுகின அந்த முகம் எனக்குப் பழக்கம்தான்.

செருப்பைக் கழற்றி, என் காலை அவன் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். "தாண்டுங்க" என்றேன். கும்மி ஆட்களைப் பார்த்து, "தாளம் போடுங்கப்பா" என்றேன். இருபது பேர் கை தட்டினார்கள். அவன் கால் எழுந்தது. என் காலைத் தாண்டினான். தாளத்துக்கு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, படத்தை மேடை வரைக்கும் கொண்டுபோய் வைத்தான். ஆறுச்சாமி அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனார்.

நல்லது செய்தேனா, பழி தீர்த்தேனா என்று கோமதி கேட்டாள். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவள் அப்புறம் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 11

தைப்பூசம். கும்மியில் அவர் இடத்தைக் காலியாக விட்டு ஆடினார்களாம். கோமதி காப்பி கொடுத்தாள். பேச்சு வந்துவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் சென்னியப்பன் வந்தான். கேட்டில் நின்றான். கையைப் பாக்கெட்டில் விடவில்லை, அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தேன். ஒரு பத்து நிமிஷம் நிற்கட்டும் என்று விட்டேன். அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

பிறகு கூப்பிட்டேன். கோடுகளைத் தாண்டி வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை நல்ல மோர். செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டானாம். மகன் இப்போதுதான் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறானாம்.

"எங்க வீட்லயும் இந்தக் கோடு போடணுங்க அம்மிணி. எத்தன அடிக்கு ஒண்ணு?"

டேப் உருண்டையையும் பசையையும் எடுத்துக் கொடுத்தேன். "ஒரு மொழத்துக்கு ஒண்ணு. நீங்களே குனிஞ்சு ஒட்டோணும். அவரு அப்புடித்தான் ஒட்டுனாரு."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஆறுச்சாமி என்னைய மன்னிச்சிருப்பானுங்களா?" என்றான்.

"உங்கள அன்னைக்கே மன்னிச்சு டீ குடுத்துட்டாரு" என்றேன். அதற்கு மேல் அவனிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் அவர் தினமும் வந்து ஊதிக் காட்டினார். விளையாட்டு என்று இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளாவது அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். போங்க அந்தப் பக்கம் என்றே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, எப்போதும் அவர் வந்து நிற்கிற இடத்தைப் பார்த்து நின்றேன். கோமதி கூடத்தில்தான் இருந்தாள். கேட்டால் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"வாசம் எதுவும் இல்லீங்க."